எச்சரிக்கையை எங்கே வைப்பது?

பிரிக்பீல்ட்ஸ்,
10 ஜனவரி 1999

அன்புள்ள சம்பந்தி ஐயா தம்புசாமி அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "எழுத்து நல்லாத்தான இருக்கு, சம்பந்தி அம்மா. அதுக்கு எதுக்கு சட்டை மாட்டி விடுறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, பொறுமைதான் இல்லை. "உங்கட எழுத்துக்குச் சட்டைக்கு முதல் குளிப்பு வேணும்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பாயசத்தைத் தொடாமல் எழுந்து போனீர்கள். என் மகள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. உங்கள் மகன் ராதாகிருஷ்ணன் மட்டும் இரண்டு கிண்ணம் பாயசம் குடித்தார்.

அதன்பின் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். ஒவ்வொரு முறையும் உங்கள் மனைவி பவுனம்மா எடுத்து, "அவரு குளிக்கிறாருங்க" என்றார். ஆகவே கடிதம் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு நன்மை உண்டு. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிட முடியாது.

வகுப்பில் நான் எப்போதும் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் இடத்திலிருந்துதான் தொடங்குவேன். மின்விசையைத் தட்டியதும் கணினிக்கு எதுவும் தெரியாது. காலையில் பள்ளிக்கூடம் திறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காவலாளிக்கு வாசல் சாவி மட்டும் தெரியும். அவர் கதவைத் திறந்தால் அலுவலகக் கிராணி உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுப்பார். அந்தச் சாவியால் தலைமையாசிரியரின் அறை திறக்கும். அவர் வந்து அமர்ந்த பிறகே மணி அடிக்கும், பாடம் நடக்கும். அந்தத் தலைமையாசிரியர்தான் லினக்ஸின் கெர்னல். காவலாளி முதல் மணி வரைக்கும் நடப்பதை, கெர்னலோடு வரும் ஆங்கில ஆவணத்தை வைத்து, உங்கள் அனுபவத்தையும் கலந்து அறுபது பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு தகவல்கூடத் தவறில்லை. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

சட்டை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் கட்டளையும் எச்சரிக்கையும் திரை சொல்லும் பதிலும் ஒரே மாதிரி, நான்கு இடம் தள்ளி, பெரிய எழுத்தில் நிற்கின்றன. எது எதுவென்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் எழுதியவர். நான் ஒவ்வொரு துண்டின் முன்னும் பின்னும் கோண அடைப்பில் ஒரு குறி போடுகிறேன். 'கட்டளை தொடங்குகிறது', 'கட்டளை முடிந்தது'. அது எப்படித் தெரிய வேண்டும் என்று நான் சொல்வதில்லை; அது என்ன என்று மட்டும் சொல்கிறேன். கட்டம் கட்டுவதா, தடித்த எழுத்தா என்பதை அச்சடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த முறைக்கு எஸ்.ஜி.எம்.எல். என்று பெயர். குறிகளைச் சரிபார்க்க ஒரு நிரல் இருக்கிறது. என் முதல் அத்தியாயத்தை அதனிடம் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பிழை சொல்லிற்று. இத்தனை காலம் பிள்ளைகளுக்குச் சிவப்பு மை தீட்டியவளுக்கு இப்போது வட்டியோடு திரும்பி வருகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். பந்திங் தோட்டப்பள்ளிக்கு நாம் சேகரித்துக் கொடுத்த பத்துப் பழைய கணினிகளை அங்கே இயக்கப்போவது வீரம்மா டீச்சர் ஒருவர்தான். மார்ச் ஆறாம் தேதி பெற்றோர் நாளில், வெளியாள் யாரும் கைவைக்காமல், அவரே அவற்றை எழுப்பிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த அறை நாற்காலி அடுக்கும் இடமாகிவிடும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. முன்பு யாரோ கொடுத்த கணினிகள் இரண்டு வருடம் துணிபோர்த்தித் தூங்கின.

மீதி அத்தியாயங்களையும் மாற்ற அனுமதி தாருங்கள். முதல் அத்தியாயத்தை அச்சிலும் ஃபிளாப்பி வட்டிலுமாக இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சிவமலர்

*

கிள்ளான்,
17 ஜனவரி 1999

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா,

பொங்கல் வாழ்த்துகள். நான் குளித்தது உண்மை. மூன்று முறையும்.

உங்கள் பள்ளிக்கூட உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் தலைமையாசிரியர் வராத நாளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. என் எழுத்து அந்த நாளுக்காக எழுதப்பட்டது. துறைமுகத்தில் கணினிப் பிரிவில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். கப்பல் கரையில் காத்து நிற்கும், லோரிகள் வாசல்வரை வரிசை பிடிக்கும், மெஷின் பாதியில் நின்றுவிடும். அப்போது கிடைப்பது கறுப்புத் திரையும் வெறும் எழுத்தும்தான். என் கோப்பை அந்தத் திரையிலேயே படிக்கலாம். உங்கள் கோப்பைத் திறந்தால் கோணக் குறிகளின் வேலிதான் தெரியும், வீடு தெரியாது.

ஆகவே அனுமதி இல்லை. என் அறுபது பக்கத்தையும் அச்சடித்து, பந்திங் பக்கம் போகும் இராமலிங்கத்தின் லோரியில் வீரம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் அத்தியாயம் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. படிக்கவில்லை.

பவுனம்மாள் உங்கள் கடிதத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "ரெண்டு பேரும் ரிட்டயராயி வீட்ல சும்மா இருக்க முடியல. அந்த டீச்சர் பொண்ணுதான் மாட்டிக்கிச்சு, பாவம் லா" என்றாள். நான் பாசாருக்குப் போய்விட்டேன். போன இடத்தில் எதற்கு வந்தேன் என்று மறந்து, வெண்டைக்காய் வாங்கி வந்தேன். வீட்டில் ஏற்கெனவே வெண்டைக்காய் இருந்தது.

தம்புசாமி

*

பிரிக்பீல்ட்ஸ்,
28 ஜனவரி 1999

அன்புள்ள சம்பந்தி ஐயா,

நேற்று கிள்ளானில் இறங்கி, உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல், பந்திங் பேருந்தில் ஏறினேன். கோபம் என்று நினைக்க வேண்டாம். வந்திருந்தால் நீங்கள் மறுபடியும் குளிக்க வேண்டியிருக்கும்.

வீரம்மா உங்கள் பக்கங்களுக்கு அட்டை போட்டு, மஞ்சள் வைத்து மேசையில் வைத்திருந்தார். "அங்கிள் எழுதினதுல ஒரு எழுத்து விடாம செய்யுறேன் டீச்சர், பாருங்க" என்று தொடங்கினார். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வாய் திறக்கக் கூடாது என்று எனக்கே கட்டளை இட்டுக்கொண்டேன்.

முதல் பக்கம் சரியாகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் நீங்கள் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், நான்கு இடம் தள்ளி, 'இப்போது மின்சாரத்தை நிறுத்தக் கூடாது' என்று எழுதியிருக்கிறீர்கள். வீரம்மா அதையும் ஓர் எழுத்து விடாமல் கணினியில் தட்டி உள்ளிட்டார். அப்படி ஒரு கட்டளை கிடையாது என்று திரை சொல்லிற்று. சின்ன எழுத்தில் தட்டிப் பார்த்தார். மறுபடியும் அதே பதில். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், இந்த மெஷினுக்கு இங்கிலீஷே தெரியல லா. மலாய்ல சொல்லிப் பாக்கட்டா?" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தேன். பேருந்தில் ஏறிய பிறகு சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

ஐயா, வீரம்மா அறிவில் குறைந்தவர் அல்ல. மூன்று வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். உங்கள் பக்கத்தில் கட்டளைகளெல்லாம் எப்படி நிற்கின்றனவோ அப்படித்தான் அந்த வரியும் நின்றது. அதை வேறு எப்படி அவர் அறிய முடியும்? பெற்றோர் நாளன்று முப்பது குடும்பங்களுக்கு முன்னால் அவர் இப்படி நிற்கப் போகிறார். ஒரு முறை இழுப்பறையைத் திறந்து பாருங்கள்.

இறங்கும்போது பேருந்துப் படியில் கணுக்கால் பிசகிவிட்டது. இதை எழுதும்போது காலைத் தலையணை மேல் வைத்திருக்கிறேன்.

சிவமலர்

*

கிள்ளான்,
7 பிப்ரவரி 1999

சம்பந்தி அம்மா,

மலாய் சமாச்சாரத்தைப் படித்து நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வரியைப் பெரிய எழுத்தில் போட்டது, யாரும் தவற விடக் கூடாது என்பதற்காக. அவர் தவற விடவில்லைதான்.

கால் எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் காய்ச்சிப் போடச் சொல்கிறாள் பவுனம்மாள்.

இழுப்பறையைத் திறந்தேன். நியாயமாகச் சோதிக்க வேண்டும் என்று, எனக்குத் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு, உங்கள் அத்தியாயம் சொன்னதை மட்டும் செய்தேன், என் சொந்த மெஷினில். கெர்னலையும், அதை எழுப்பிவிடும் லைலோ என்ற ஏற்றியையும் புதுப்பிக்கும் பகுதி. முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. எவ்வளவு அழகாக இருந்தது! கட்டளைகள் தனி எழுத்தில், திரையின் பதில் தனிக் கட்டத்தில். 'சரி, இந்த அம்மா ஜெயித்துவிட்டார்' என்று நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் படி, மெஷினை நிறுத்தித் திரும்ப இயக்கு. இயக்கினேன்.

உங்களுக்குத் தெரியும், லைலோ தன் ஆங்கிலப் பெயரின் நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே எழும். ஒரு கட்டம் தாண்டினால் ஓர் எழுத்து. என் திரையில் இரண்டு எழுத்து வந்தது. மூன்றாவது வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். இரண்டுதான்.

பக்கத்தைத் திருப்பினேன். அத்தியாயத்தின் கடைசியில், கோடு போட்டு, 'குறிப்புகள்' என்று தலைப்பு. அதில் மூன்றாவது குறிப்பு: 'நிறுத்துவதற்கு முன் லைலோ கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் கணினி எழாது.' அம்மா! நான் இதை ஐந்தாம் படிக்கு மேலே வைத்திருந்தேன். நீங்கள் தூக்கிக் கொண்டுபோய்க் கடைசியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அதற்குச் சலவைச் சட்டை வேறு!

"என்னா, பேய் அறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் பவுனம்மாள். "சம்பந்தி அம்மா என் மெஷினக் கொன்னுட்டாங்க" என்றேன். "கேஸ் போடுங்க. மருமக ஒங்க பக்கம் சாட்சி சொல்லாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் பழைய அவசர ஃபிளாப்பியால் மெஷினைத் திரும்ப எழுப்பிவிட்டேன். இதே இடத்தில் வீரம்மா இருந்திருந்தால்?

தம்புசாமி

*

பிரிக்பீல்ட்ஸ்,
12 பிப்ரவரி 1999

அன்புள்ள சம்பந்தி ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை வெட்கம். இரண்டாம் தடவை 'சலவைச் சட்டை' வந்த இடத்தில் சிரிப்பு.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தேன். பாடநூல் குறிப்பு எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரே வழக்கம். முதலில் பாடம், பிறகு பயிற்சி, விதிவிலக்குகள் கடைசியில். பிள்ளை முதலில் ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளட்டும், விலக்கை வைத்து ஆரம்பத்திலேயே மிரட்ட வேண்டாம் என்று. கணக்குப் பாடத்துக்கு அது சரி. தவறாகப் போட்ட கணக்கை அழித்துவிட்டு மறுபடி போடலாம். கணினியை நிறுத்திய பிறகு எதை அழிப்பது? 'வலப்பக்கம் நாய் கடிக்கும், இடப்பக்கமாகப் போ' என்பதை வாசலில் சொல்ல வேண்டும். உள்ளே போய்விட்டவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிப் பயனில்லை.

ஆகவே இனிமேல் ஒரு விதி: எந்தப் படிக்கு உரிய எச்சரிக்கையோ, அந்தப் படிக்கு முன்னால்தான் அது நிற்க வேண்டும். இந்த விதியை வெறுமனே நினைவில் வைக்கப் போவதில்லை. எந்தக் குறி எதற்குள், எந்த வரிசையில் வரலாம் என்று எழுதும் வரையறையில் சேர்த்துவிட்டேன். இனி நான் பழக்கதோஷத்தில் எச்சரிக்கையைக் கட்டளைக்குப் பின்னால் வைத்தால், சரிபார்க்கும் நிரலே என்னைத் திட்டும். உங்கள் வெறும் எழுத்தில் இந்தக் காவல் இல்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

வேலையைப் பிரித்துக்கொள்ளலாமா? ஒவ்வொரு வரியும் என்ன என்று நீங்கள் சொல்லுங்கள்: கட்டளையா, எச்சரிக்கையா, திரை சொல்வதா, விளக்கமா? மெஷின் நின்ற இடங்களில் நின்றவர் நீங்கள். குறி போடுவது என் வேலை. பிரதியை ராதாகிருஷ்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பென்சிலால் எழுதுங்கள். கோபம் வந்தாலும் பென்சிலாலேயே எழுதுங்கள்.

நல்லெண்ணெய் போடுகிறேன். இன்னும் நடக்க முடியவில்லை.

சிவமலர்

*

கிள்ளான்,
26 பிப்ரவரி 1999

சம்பந்தி அம்மா,

சீனப் புத்தாண்டு விடுமுறை முழுவதும் பென்சிலோடு போயிற்று. சுற்றிலும் வெடிச் சத்தம், நான் வரிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். என் எழுத்தை நானே படிப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றுகிறது. பதினோராம் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் கட்டளை, எச்சரிக்கை, துறைமுகக் கதை மூன்றும் இருக்கின்றன. கதையை வெட்டிவிட்டேன். நல்ல கதை. உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

நாற்பதாம் பக்கத்தில் உங்களோடு சண்டை போட ஒன்று வைத்திருந்தேன். 'மெஷின் மூன்று தடவை கூவினால் நினைவகத்தைக் கழற்றி மாட்டு.' கூவுவது திரை சொல்வதா? திரையே வராதபோது? ராதாகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே, "அப்பா, அத்தைக்கு போன் போடுங்கப்பா" என்றான். போட்டேன். அரை மணி நேரம் பேசினோம். 'மெஷின் சொல்வது' என்று பெயரை மாற்றினோம். இது உங்களுக்குத் தெரியும். எழுதி வைத்தால் எனக்குச் சந்தோஷம், அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய கடைசி ஃபிளாப்பியில் மூன்று கோப்பு இருந்தது. ஒன்று அச்சுக்கு, ஒன்று இணையத்துக்கு. மூன்றாவதைத் திறந்தால் வெறும் எழுத்து! வேலி இல்லை, வீடு மட்டும். எச்சரிக்கையைச் சுற்றி நட்சத்திரக் கோடு, கட்டளைக்கு முன்னால் அம்பு. கறுப்புத் திரையில் தெளிவாக வருகிறது. ஒரே மூலத்திலிருந்து மூன்றும் வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பாயசம் குடித்திருப்பேனே!

அச்சுக் கோப்பைப் புத்தகமாக்கி, குறிகள் போட்ட மூலத்தோடு பந்திங் போய் வீரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பெற்றோர் நாளுக்கு நீங்கள் வர முடியாது என்று மருமகள் சொன்னாள். நான் போகிறேன். பார்வையாளனாக மட்டும். தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததும், "ஐயா, கை ரெண்டும் பாக்கெட்டுக்குள்ள இருக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

தம்புசாமி

*

கிள்ளான்,
7 மார்ச் 1999

சம்பந்தி அம்மா,

தொலைபேசியில் 'நல்லா நடந்துச்சு' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். முழுவதையும் உட்கார்ந்து எழுதத்தான் அப்படிச் செய்தேன்.

அறை நிறையப் பெற்றோர். வெளியே ஜன்னலிலும் தலைகள். வீரம்மா நீலச் சேலை கட்டி, நம் புத்தகத்தை விரித்து வைத்து, பத்து மெஷினையும் ஒவ்வொன்றாக எழுப்பினார். பத்தும் எழுந்தன. கைதட்டல். நான் பாக்கெட்டுக்குள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, சிற்றுண்டிக் கூடத்தில் யாரோ பெரிய தண்ணீர்க் கொதிகலனைச் சொருகியிருக்கிறார்கள். ஒலிபெருக்கியும் அதே மின்கம்பியில். பட்டென்று கட்டடம் முழுக்க மின்சாரம் போயிற்று. பத்துத் திரையும் கறுப்பு.

"அவ்வளவுதானா?" என்று யாரோ கேட்டார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மின்சாரம் வந்தது. வீரம்மா திரும்ப இயக்கினார். திடீரென்று செத்த மெஷின் எழும்போது வட்டு முழுவதையும் தானே சோதிக்கும், தெரியுமல்லவா? திரை அசையாமல் நிற்கும். எனக்கே பயமாக இருந்தது. முன்வரிசை ஐயா ஒருவர், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுமா, எங்க வீட்டு டிவிக்கு அப்படித்தான்" என்றார். வீரம்மா, "வட்டு சிவப்பு லைட்டு மின்னுது அண்ணே. உள்ள வேலை நடக்குது. பொறுங்க" என்றார். பொறுத்தோம். ஒன்பது எழுந்துவிட்டன. பத்தாவது, வட்டைத் தன்னால் சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

அவர் பக்கம் புரட்டும் சத்தம் ஜன்னல்வரை கேட்டிருக்கும். 'மெஷின் சொல்வது' என்ற கட்டங்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். அதே வாக்கியத்தில் விரல் நின்றது. அதன் கீழே எச்சரிக்கைக் கட்டம். அதைச் சத்தமாகப் படித்தார்: 'திரை இரண்டு வழி காட்டும். சாதாரணமாகத் தொடரும் வழியை எடுக்காதீர்கள்.' "எடுக்கல" என்று மெஷினிடமே சொன்னார்! பிறகு கட்டளையைத் தட்டினார். கட்டளையை மட்டும். கேள்விக்கெல்லாம் ஆம் என்றார். திரும்ப இயக்கினார். பத்தாவதும் எழுந்தது.

இந்தத் தடவை கைதட்டல் நிற்கவே இல்லை. மின்தடையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே பாதிப்பேர் நினைத்துவிட்டார்கள். "நல்லா செட் பண்ணியிருக்காங்க" என்று ஒருவர் பாராட்டினார். தலைமையாசிரியர் எழுந்து, "நாற்காலிய வேற எங்கயாச்சும் அடுக்கிக்கலாம். இந்த ரூம் டீச்சருக்கு" என்றார். நான் இரண்டு கையையும் வெளியே எடுத்தேன்.

தம்புசாமி

*

பிரிக்பீல்ட்ஸ்,
14 மார்ச் 1999

அன்புள்ள சம்பந்தி ஐயா,

'எடுக்கல' என்ற இடத்தை மகளுக்கும் மருமகனுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கால் வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

இன்று வீரம்மாவிடமிருந்து ஒரு ஃபிளாப்பி வந்தது. உள்ளே ஒரே ஒரு பக்கம், நம் முறைப்படியே குறிகள் போட்டு. மின்சாரம் போய் வந்த பிறகு என்ன செய்வது என்பது பற்றி. எச்சரிக்கை படிக்கு முன்னால், ஒவ்வொரு குறியும் முறையாக மூடப்பட்டு, ஆசிரியை எழுதியது போலவே இருந்தது. ஆனால் சரிபார்க்கும் நிரல் ஓர் இடத்தில் முரண்டு பிடித்தது. நம் வரையறையில் இல்லாத ஒரு குறியை அவர் தானாக வைத்திருக்கிறார்: 'காத்திருத்தல்'. அதற்குள் இப்படி எழுதியிருக்கிறார்: 'திரை அசையாது. மெஷின் சாகவில்லை. சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது மின்னிக்கொண்டிருக்கும்வரை கை வைக்காதீர்கள்.'

சும்மா இருப்பதும் செய்ய வேண்டிய ஒரு காரியம் என்று அறுபது பக்கத்திலும் நம் இருவருக்கும் தோன்றவில்லை. அன்று முப்பது குடும்பம் பார்த்திருக்க அதைச் செய்தவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் அவருடைய பக்கத்தைத் திருத்தவில்லை. வரையறையைத்தான் திருத்தினேன். நிரல் இப்போது வாய் மூடிக்கொண்டது. முகப்பில் நம் இரண்டு பெயரோடு மூன்றாவதாக வீரம்மாவின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்.

வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் படத்தை வீடியோவில் பதிவு செய்ய, நேரம் வைக்கத் தெரியவில்லை என்று பவுனம்மா தொலைபேசியில் குறைப்பட்டார். நீங்கள் சொல்லிக் கொடுத்தால் சண்டையில் முடிகிறதாம். இன்றைக்கே ஒரு தாள் எடுத்து அந்த முறையை எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது செய்ய வேண்டியதா, மெஷின் சொல்வதா, எச்சரிக்கையா, காத்திருத்தலா என்று பென்சிலால் குறியுங்கள். தாளைப் பவுனம்மா கையில் கொடுத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

அன்புடன்,
சிவமலர்